மருந்தின் தடிப்பும் நோயாளியின் கையும்

எம் பெரியம்மையார் முடக்குவாதத்தால் நெடுநாளாக வருந்துபவர். விரற்கணுக்கள் வீங்கி வளைந்துவிட்டமையால், பூட்டிற் சாவியைத் திருகுவதும் அவருக்கு அரிய செயலே. இரு வாரத்திற்கொருமுறை தோலின்கீழ் ஏற்றவேண்டிய மருந்தொன்றைத் தாமே குத்திக்கொள்ளும் வண்ணம், பேனா வடிவில் அமைந்த தன்னியக்க ஊசியாக மருத்துவர் அவருக்கு அளித்திருந்தார். சென்ற கோடை விடுமுறையில் அவர் அதனைக் கையாண்டதை அருகிருந்து கண்டோம். மூடியை இழுக்க விரல்களில் வலுவில்லை. பல்லாற் கடித்து இழுத்தார். தொடைமேல் வைத்து அழுத்தினார். 'கிளிக்' என்றோர் ஒலி கேட்டது. முடிந்ததென்று எண்ணிக் கையை எடுத்தார். மருந்தில் ஒரு பகுதி தொடைமேல் வழிந்தோடிற்று. "பாழாய்ப்போன கை" என்று அவர் தம்மையே நொந்துகொண்டார்.

அத் தீர்ப்பை யாம் ஏற்கவில்லை. குற்றம் கருவியின்பாலது என்று வழக்காடவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர்க்கு ஊசியைப்பற்றி என்ன பேச்சு என்று பௌதிக வகுப்பு நண்பர்கள் நகைத்தனர். ஆயினும் கீழ்வரும் கணக்கை அவர்களுள் ஒருவரிடமே காட்டிச் சரிபார்த்துக்கொண்டோம்.

இம் மருந்துகள் தடித்திருப்பதன் காரணத்தை முதலில் உணர்தல் வேண்டும். இக்காலத்து வாதநோய்க்கும் வேறு பல நோய்களுக்கும் தரப்படும் பிறபொருளெதிரிகள் மிகப் பெரிய புரத மூலக்கூறுகள். வாய்வழி உட்கொண்டால் வயிறு அவற்றைச் செரித்துவிடும். நரம்பின் வழியே ஏற்றுவதாயின் ஆஸ்பத்திரிக்குச் செல்லவேண்டும். வீட்டிலிருந்தே தோலின்கீழ் ஏற்றுவதாயின், பொதுவாக ஒன்றிரண்டு மில்லிலிட்டருக்கு மேல் ஒரே முறையில் செலுத்துவதில்லை. ஆகவே நூறு, நூற்றைம்பது, இருநூறு மில்லிகிராம் மருந்தை ஒரு மில்லிலிட்டருக்குள் அடைக்க நேர்கின்றது. திருவிழாக் கூட்டத்தில் நெருங்கி நிற்போர் நகர மாட்டாமை போல, நெருங்கிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று தடுக்கின்றன. நீர்மத்தின் பாகுநிலை விரைந்து ஏறுகின்றது. நீரின் பாகுநிலை ஏறத்தாழ 1 சென்டிபாய்ஸ். இத்தகைய மருந்துகளிற் சில 20, 50 என உயர்ந்து, நம் வீட்டு நல்லெண்ணெயின் தடிப்பை அணுகும். மயிரிழை போன்ற ஊசியின் வழியே எண்ணெயைச் செலுத்த முயன்று பார்த்தோர் இதன் இடரை அறிவர்.

அவ்விடரை அளந்து காட்டியவர் ஒரு மருத்துவரே என்பது எமக்கு மகிழ்ச்சி தருகின்றது. பிரெஞ்சு நாட்டுப் புவாஸேய், உடலின் நுண்குழாய்களிற் குருதி ஓடுமாற்றை அறிய விரும்பிக் கண்ணாடிக் குழாய்களைக் கொண்டு ஆராய்ந்து, 1840-ஐ அடுத்த ஆண்டுகளிற் தம் முடிபை வெளியிட்டார். ஜெர்மானியப் பொறியியலறிஞர் ஹாகனும் 1839-இல் தனித்தே அதனைக் கண்டிருந்தார். சென்டிபாய்ஸ் என்னும் அளவையும் புவாஸேயின் பெயரால் அமைந்ததே. அவ்விதிப்படி, நீர்மம் இருமடங்கு தடித்தால் வேண்டும் அழுத்தமும் இருமடங்காகும். ஊசியின் உட்டுளை பாதியாகச் சிறுத்தாலோ அழுத்தம் பதினாறு மடங்காகும்.

இனிக் கணக்கு. சிரிஞ்சின் உள்விட்டம் 6.35 மில்லிமீட்டர், ஊசியின் நீளம் 20, உட்டுளை 0.21 மில்லிமீட்டர் என்க. ஒரு மில்லிலிட்டர் மருந்தைப் பத்து விநாடியிற் செலுத்த, நீராயின் ஒன்றரை நியூட்டனுக்கும் குறைந்த விசை போதும். 20 சென்டிபாய்ஸ் மருந்தாயின் ஏறத்தாழ 27 நியூட்டன். 50 ஆயின் 66. ரப்பர் அடைப்பின் உராய்வு வேறு. ஏழு கிலோ எடைக்குச் சற்றுக் குறைந்த அவ்விசையை வீங்கிய பெருவிரல் எங்ஙனம் தரும்? அதனாலன்றோ விரலுக்கு மாற்றாகச் சுருள்வில்லைக் கருவிக்குள் வைத்தனர்!

மருந்து தடிக்கத் தடிக்க வில்லையும் வலுப்படுத்திக்கொண்டே போகலாம் என்பது எளிதிற் தோன்றும் வழி. எமக்கு இது பிழையெனப் படுகின்றது. சுருள்வில் விரியுந்தோறும் விசை குறைவது. கடைசித் துளியைத் தள்ளும் நேரத்திற்கூட 66 நியூட்டன் வேண்டுமாயின், தொடக்கத்தில் அதனினும் மிகுந்த விசையோடு அது பாயவேண்டும். அப் பாய்ச்சலைத் தாங்குவது மெல்லிய கண்ணாடிக் குழல். உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் இருபது மடங்கு. கண்ணாடி உடைவதுமுண்டு. உடையாவிடினும், அவ்வதிர்ச்சியும் ஒலியும் நோயாளியைத் திடுக்கிடச் செய்து கையை விலக்கச் செய்யும். மேலும், அழுத்தி வைத்த வில்லை மாதக்கணக்காகப் பிளாஸ்டிக் உறை ஒன்றே தாங்கி நிற்றல் வேண்டும்.

ஊசியின் சுவரை மெலிதாக்குதல் இதனினும் அறிவுடைய வழி. புறவிட்டம் மாறாமையால் குத்தும்போது வலி மிகாது, உட்டுளையோ விரியும். மேற்கூறிய 0.21-ஐ 0.26 ஆக்கினாற் போதும், 66 நியூட்டன் 28 ஆகச் சுருங்கிவிடும்! மில்லிமீட்டரில் இருபதிலொரு பங்கு இத்துணை நன்மை செய்யுமாயின், வில்லை முறுக்குமுன் ஊசியைத் துருவிப் பார்த்தலன்றோ முறை?

மற்றொன்று காலம். பத்து விநாடியை இருபதாக்கினால் விசை பாதியாகும். நீண்ட நேரம் பிடித்திருக்க நோயாளியால் இயலாது என்பர். நடுங்கும் கைக்கு அது மெய்யே. ஆயின் கையை விடுவித்துவிடலாமே! கொழுப்பு நோய்க்கான எவோலோக்குமாப் மருந்துக்கென 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கருவியொன்று, உடலில் ஒட்டிக்கொண்டு மூன்றரை மில்லிலிட்டரை ஏறத்தாழ ஒன்பது நிமிடத்திற் செலுத்தியது. பத்து விநாடி என்னும் அவசரம் நோயாளி கேட்டதன்று என்பதே எம் துணிபு.

பெரியம்மையாரின் மருந்து வழிந்ததற்கும் காலமே காரணம். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடனே அவர் குத்திக்கொண்டார். குளிரில் மருந்து மேலுந் தடிக்கும். வில் மெல்லவே தள்ளும். அரைமணி நேரம் வெளியில் வைத்திருக்கவேண்டும் என்னுங் குறிப்பு உடனிருந்த தாளில் ஆங்கிலத்தில், எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் இருந்தது. முதலில் அவர் கேட்ட ஒலியோ, செலுத்தத் தொடங்கியதை உணர்த்தும் ஒலி! தொடக்கத்திற்கும் முடிவுக்கும் ஒரே 'கிளிக்' வைத்தவர், கண்ணாடியணிந்த முதியோர் ஒருவரிடமேனும் அதனைக் கொடுத்துப் பார்த்தனரோ என ஐயுறுகின்றோம்.

கையிலிருந்து தொடங்கி அமைத்த கருவியும் இல்லாமலில்லை. அமெரிக்கராகிய ஸாம் ஃபார்பர், வாதத்தால் வருந்திய தம் மனைவியார் தோல்சீவியைப் பிடிக்க இடர்ப்பட்டதைக் கண்டு, பருத்த மென்பிடி அமைந்த சமையற் கருவிகளை 1990-இல் 'ஆக்ஸோ' என்னும் பெயரால் விற்கத் தொடங்கினார். பெல்ஜிய நாட்டு யு.ஸி.பி. கழகத்தார் தம் 'சிம்சியா' மருந்துக்குச் சிரிஞ்சு வேண்டியபோது, இந்த ஆக்ஸோவையே துணைக்கழைத்தனர். ஒரு மில்லிலிட்டரில் 200 மில்லிகிராம் கொண்ட தடித்த மருந்து. தள்ளுவதோ வாதநோயாளியின் கையே. 2009-இல் வெளிவந்த அச்சிரிஞ்சில் பெருவிரலுக்கு அகன்ற தட்டும், ஊசிமூடியை இழுக்க ஒரு வளையமும் அமைந்தன. வில்லொன்றும் அதில் இல்லை. அடுக்களைக் கத்தி செய்வோரிடம் மருந்துக் கழகத்தார் பாடங் கேட்டனர் என்பதை எண்ணுந்தோறும் எமக்கு வியப்பே.

இவையெல்லாம் விலையை ஏற்றுமே என்பார்க்கு ஒன்று கூறுவோம். ஒருமுறை குத்தியபின் வில்லும் உறையும் ஒருங்கே குப்பைக்குச் செல்கின்றன. மருந்துக்குழலை மட்டும் மாற்றி, கருவியைப் பன்முறை பயன்கொள்ளும் அமைப்பைப் பரவச் செய்யின், அந்த ஒரு கருவியை நன்றாகவே செய்யலாம். வழிந்துபோன மருந்துக்கும் விலையுண்டு. அதனைக் கணக்கில் எழுதுவார் யாரோ?

பெரியம்மையார் இப்பொழுது ஊசியை முன்னரே வெளியிலெடுத்து வைக்கின்றார். முதல் ஒலிக்குப்பின் இருபது எண்ணுகின்றார். மூடியைக் கழற்றித் தர மட்டும், இரு வாரத்திற்கொருமுறை, அண்டை வீட்டுச் சிறுவன் வருகின்றான்.