‘நிரந்தர ரசாயன’ கட்டுப்பாடு: உணரிப் படலங்களுக்கு விலக்கு கிடைக்குமா?

புது தில்லி: அழுத்தினால் மின்னூட்டம் தரும் பிவிடிஎஃப் பாலிமர் படலம், சுவாசத்தையும் நாடித்துடிப்பையும் கண்காணிக்கும் உணரிகளிலும், ஓடும் வாகனங்களை எடைபோடும் சாலை உணரிகளிலும் பயன்படுகிறது. அதன் இப்பண்பை 1969-இல் வெளியுலகுக்கு அறிவித்தவர் ஜப்பானின் ஹெய்ஜி கவாய்.

‘நிரந்தர ரசாயனங்கள்’ எனப்படும் பிஎஃப்ஏஎஸ் வகைகளுக்கு 5 ஐரோப்பிய நாடுகள் 2023 ஜனவரியில் முன்மொழிந்த கட்டுப்பாட்டின் வரையறைக்குள், ஃபுளோரின் அடங்கிய இப்படலமும் வருகிறது.

எளிதில் சிதையாமல் மண்ணிலும் நீரிலும் தங்கும் ரசாயனங்களைக் கட்டுப்படுத்துவது அவசியமே. ஆனால், மாற்றுப் பொருள்களிலும் குறை உண்டு. மிகுந்த மின்னூட்டம் தரும் பிஇசட்டி பீங்கானில் நச்சுத்தன்மையுள்ள ஈயம் கலந்துள்ளது, அது வளையாது. மட்கும் பாலிலாக்டிக் அமிலப் படலத்தின் திறனோ குறைவு.

குஜராத்திலும் பிவிடிஎஃப் தயாரிக்கப்படுவதால், ஐரோப்பாவின் முடிவு இந்தியாவிலும் எதிரொலிக்கும். மருத்துவ உணரிகளுக்குக் காலவரம்புடன் விலக்களித்து, ஆலைக் கழிவைக் கடுமையாகக் கட்டுப்படுத்துவதே நடைமுறைக்கு உகந்த வழி.