அட்டையில் ஏன் இத்தனை மஞ்சள்?

என் சிறுகதைத் தொகுப்புக்காக நானே அச்சிட்டு 300 பேருக்கு அனுப்பிய அஞ்சலட்டை, நண்பர்கள் சிலரைப் புண்படுத்தியிருக்கிறது. தீப்பெட்டி லேபிள் போலிருக்கிறது என்றார் ஒருவர். எழுதுகிறவன் தெருவில் நின்று கூவலாமா என்று கேட்டார் இன்னொருவர். முன்னவர் சொன்னதைப் பாராட்டாக எடுத்துக்கொள்கிறேன். பின்னவருக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் அட்டையைப் பற்றி. 14 செ.மீ. நீளம், 9 செ.மீ. அகலம். மஞ்சள் தளத்தில் சிவப்புக் கோட்டாலான நீள்வட்டம், அதற்குள் வெடித்த பருத்திக்காய் ஒன்று. மேலே தடித்த எழுத்தில் புத்தகத்தின் பெயர். அடியில் ஒரு பட்டை, அதில் என் பெயரும் விலையும் கிடைக்குமிடமும்.

ஆம், இது தீப்பெட்டி லேபிள்தான். கோவில்பட்டியில் பிறந்தவன் வேறு எங்கே போய் வடிவம் கற்பான்? பெட்டி ஒட்டியும் குச்சி அடுக்கியும் பிழைத்த வீடுகளில், எழுத்துக் கூட்டத் தெரியும் முன்பே பிள்ளைகள் பார்த்த முதல் அச்சுப்படம் அந்த லேபிள். இரண்டு விரல் அகலக் காகிதம், பெட்டிக்கடையின் மங்கிய வெளிச்சம், எழுத்தறியாத வாடிக்கையாளர். அவர் பெயரைச் சொல்லிக் கேட்க மாட்டார், மயில் கொடு, புலி கொடு என்பார். ஒரே பார்வையில் தெரிய வேண்டும், மறுநாளும் நினைவில் நிற்க வேண்டும். இதைவிடக் கடுமையான நிபந்தனைகளோடு வேலை செய்த ஓவியன் யார் என்று நவீன வடிவமைப்பு பேசும் நண்பர்கள் எனக்குச் சொல்லட்டும்.

பெயரை ஏன் அடியில் தள்ளினேன் என்பதற்கும் காரணம் உண்டு. அது காலண்டரிலிருந்து வந்தது. சென்னை ஓவியப் பள்ளியில் பயின்று, நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை எழுதி, 1940களில் கோவில்பட்டியில் வந்து தங்கிவிட்டவர் சி. கொண்டையராஜு. 1976-இல் மறையும்வரை அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த தெய்வப் படங்கள் சிவகாசியில் அச்சேறி நாடெங்கும் போயின. சிவகாசிக்காரர்கள் ஆடிப்பெருக்கன்று மாதிரி ஆல்பத்தை வெளியிடுவார்கள். ஏஜெண்டு அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். ஜவுளிக்கடைக்காரர் ஒரு படத்தைத் தேர்ந்தெடுப்பார். படத்துக்குக் கீழே காலியாக விட்ட பட்டையில் அவர் கடைப் பெயர் ஏறும். மேலே முருகன், கீழே கடை. இலவசமாக வந்த அந்த விளம்பரத்தைத்தான் நம் பாட்டிமார் பூஜையறையில் மாட்டிக் குங்குமம் வைத்தார்கள். வருடம் முடிந்தால் தேதிக் கட்டைக் கிழித்துவிட்டுப் படத்தை மட்டும் சட்டம் போட்டு வைத்துக்கொண்டார்கள். கலையும் விளம்பரமும் ஒரே காகிதத்தில் வாழ முடியாது என்கிறவர்கள் தங்கள் வீட்டுச் சுவரையே பார்த்ததில்லை.

எனக்குச் சிபாரிசு செய்யப்படும் ‘கௌரவமான’ அட்டை எப்படி இருக்கும் என்பதும் தெரியும். முக்கால்வாசி வெள்ளை, ஒரு மூலையில் எறும்பளவு எழுத்து, கன்னத்தில் கை வைத்த கறுப்பு வெள்ளைப் புகைப்படம், மூத்த எழுத்தாளர் ஒருவரின் ஒன்றரை வரி ஆசி. அதுவும் விளம்பரம்தான். விற்கவில்லை என்று பாவனை செய்யும் விளம்பரம். விலையை மறைப்பதே பண்பு என்று அங்கே ஒரு நம்பிக்கை. விலை தெரியாமல் எந்தச் சம்சாரி கடைக்குள் கால் வைப்பான்? அதனால் விலையைப் பெரிதாகப் போட்டேன். என் முகத்தைப் போடவில்லை. கதைகளில் அதற்கு வேலை இல்லை.

இனி, கூவலாமா என்ற கேள்வி. கோவில்பட்டியிலிருந்து பேருந்தில் அரைமணி நேரத்தில் எட்டயபுரம். அந்த ஊர்க்காரர் ஒருவர் 1920-இல் கடையத்தில் இருந்தபோது, தம் எழுத்துகளையெல்லாம் 40 புத்தகங்களாக, ஒவ்வொன்றும் 10,000 பிரதி அச்சிடத் திட்டமிட்டு, பணம் கேட்டு நண்பர்களுக்குச் சுற்றுக்கடிதம் அனுப்பினார். மண்ணெண்ணெயையும் தீப்பெட்டியையும்விடச் சாதாரணமாகவும் விரைவாகவும் அவை விற்கும் என்று கணக்கிட்டார். ஆம், தீப்பெட்டி! சிவகாசியில் அந்தத் தொழில் முளைப்பதற்கே இன்னும் சில வருடங்கள் இருந்தன. பணம் வரவில்லை, மறுவருடம் செப்டம்பரில் அவர் இறந்தார். பாரதி கூவினார் என்று நண்பர் சொல்வாரா? சொல்ல மாட்டார். சிலையாகிவிட்டவர்கள் கேட்டது வேண்டுகோள், உயிரோடிருப்பவன் கேட்டால் பிச்சை. ‘எழுத்து’ பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பா புத்தக மூட்டையைத் தோளில் சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போனதை இன்று புல்லரித்துப் பேசுகிறோம். அன்று அவரிடம் வாங்காமல் நழுவியவர்கள் எத்தனை பேர் என்பதைப் பேசுவதில்லை.

ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். கிடைக்குமிடத்தின் முகவரியை மிகச் சிறிய எழுத்தில் போட்டுவிட்டேன். விளாத்திகுளம் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், படம் தெரிகிறது, முகவரி தெரியவில்லை, கண்ணாடி போட்டும் பயனில்லை என்று எழுதியிருந்தார். வெள்ளை அட்டைக்காரர்களைக் கேலி செய்துவிட்டு அவர்கள் செய்யும் பிழையையே நானும் செய்திருக்கிறேன். அடுத்த அச்சில் பருத்திக்காயைச் சற்றுச் சுருக்கி அந்த வரியைப் பெரிதாக்கப் போகிறேன். மஞ்சள் அப்படியே இருக்கும்.

அவருக்குப் புத்தகத்தை அனுப்பிவிட்டேன். ஆட்சேபம் சொன்ன இருவரும் இன்னும் தொகுப்பைப் படிக்கவில்லை. முகவரி தந்தால் அவர்களுக்கும் அனுப்பலாம். விலை அட்டையிலேயே இருக்கிறது.