கொட்டேஷனுக்கு முன் அளவெடுங்கள்

“சர்வர் ரொம்ப ஸ்லோவா இருக்கு, மாத்திடலாமா?” அச்சகமோ ஆடிட்டர் அலுவலகமோ, எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் ஷேர் ஃபோல்டர் திறக்கத் தாமதமானால் முதலில் எழுவது இந்தக் கேள்விதான். அடுத்த வாரம் கொட்டேஷன் வந்துவிடும். நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்க்கும் வேலை மட்டும் நடப்பதில்லை. சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் சிறு நிறுவனங்களின் கணினி, நெட்வொர்க் பராமரிப்பு என் பிழைப்பு. அளக்காமல் புது சர்வர் வாங்கிய இடங்களில் பழைய தாமதம் அப்படியே புதுப் பெட்டிக்குக் குடிபோனதை நிறையப் பார்த்திருக்கிறேன். சின்ன நிறுவனத்துக்கு சர்வர் விலை சின்னச் செலவு இல்லை. அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவது சிவகாசி வழக்கம். அதற்கு முந்தைய வாரங்களில் அச்சகங்களின் டிசைன் பிரிவில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படியொரு நேரத்தில் ஓர் அச்சகத்திலிருந்து அழைத்தார்கள். சாமி படங்கள் இருக்கும் ஃபோல்டரைத் திறந்தால் நிமிடக்கணக்கில் சுற்றுகிறது. முதலாளியின் மேசையில் புது சர்வருக்கான கொட்டேஷன் தயாராக இருந்தது. அங்கே மூத்த டிசைனராக இருக்கும் பெண்மணியை எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சொன்னார்: “தம்பி, ஃபைலை காப்பி பண்ணா சல்லுனு வந்துருது. ஃபோல்டரைத் திறந்தாத்தான் உசுரு போகுது.”

அவர் பிரித்துச் சொன்ன அந்த வித்தியாசம் மிக முக்கியமானது. காப்பி செய்வது ஒரே பெரிய வேலை. ஜிகாபிட் இணைப்பு ஒழுங்காக இருந்தால் விநாடிக்கு 110 மெகாபைட் அளவில் வந்துவிடும். ஃபோல்டரைத் திறப்பது ஆயிரக்கணக்கான குட்டிக் கேள்விகளின் வேலை. இந்தக் கோப்பின் பெயர் என்ன, அளவு என்ன, இதைப் பார்க்க இவருக்கு அனுமதி உண்டா, உள்ளே படம் இருக்கிறதா, இருந்தால் அதைச் சிறிதாக்கிக் காட்ட முடியுமா என்று டிசைனரின் கணினி கேட்டுக்கொண்டே போகும்; சர்வர் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அக்காவின் கணினியில் கறுப்புத் திரையைத் திறந்து, அதாவது கமாண்ட் பிராம்ப்ட்டில், அதே ஃபோல்டரை ‘டிர்’ கட்டளையால் பட்டியலிட்டேன். பல்லாயிரம் கோப்புகளின் பெயர்களும் சில விநாடிகளில் ஓடி முடிந்தன. பட்டியலைக் கொடுப்பதில் சர்வருக்கு எந்தத் திணறலும் இல்லை என்பது அங்கேயே தெரிந்துவிட்டது. தாமதம் விண்டோஸ் எக்ஸ்புளோரர் அதற்கு மேல் கேட்ட கேள்விகளில் இருந்தது. அந்த ஃபோல்டர் ‘படங்கள்’ வகையாகக் குறிக்கப்பட்டு, பெரிய ஐகான் பார்வையில் இருந்தது. அந்தப் பார்வையில் திரைக்கு வரும் ஒவ்வொரு டிஃப் கோப்புக்கும் சிறுபடம் உருவாக்க வேண்டும். அதற்காகப் பல நேரம் நூறு மெகாபைட் கோப்பில் பெரும்பகுதியை வாசித்தாக வேண்டும். டிசைன் பிரிவில் எல்லோரும் காலையில் ஒரே நேரத்தில் அதைத் திறக்கிறார்கள்.

சர்வரில் இருந்தது 7200 சுற்று ஹார்ட் டிஸ்க். அதன் தட்டு ஒருமுறை சுற்ற சுமார் 8.3 மில்லி விநாடி ஆகும். வாசிக்கும் முனை சரியான இடத்துக்கு நகரும் நேரத்தையும் சேர்த்தால், சிதறிக் கிடக்கும் இடங்களிலிருந்து விநாடிக்கு நூறு முறை வாசிப்பதே அதற்குக் கடினம். கோப்புக்கு ஒரு வாசிப்பு என்றே வைத்தாலும் 2000 கோப்புகளுக்கு 20 விநாடி ஆகிறது; பத்துப் பேர் ஒன்றாகக் கேட்டால் வரிசை நீளும். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து காட்டினேன். சர்வரின் பிராசஸர் சும்மா இருந்தது. டிஸ்க் மட்டும் நூறு சதவீதத்தில் நின்றது. மேசையில் கிடந்த கொட்டேஷனோ புதிய, வேகமான பிராசஸருக்குத்தான் விலை சொன்னது. டிஸ்க்கோ அதில் அதே வகை.

செய்த வேலை எளிதுதான். ஃபோல்டரின் பிராப்பர்ட்டீஸில் வகையை ‘பொதுவானவை’ என்று மாற்றினோம். பார்வையை விவரப் பட்டியலாக்கினோம். ஒரே ஃபோல்டரில் கொட்டிக் கிடந்ததை வருடம், பார்ட்டி பெயர், வேலை என்று பிரித்தோம். சர்வர் பெட்டியை மாற்றவில்லை. டிஸ்க்கை மட்டும் எஸ்.எஸ்.டி.க்கு மாற்றினோம். அதில் சுற்றும் தட்டே இல்லை என்பதால் இந்தக் காத்திருப்பும் இல்லை. படத்தைக் கண்ணால் பார்த்துத் தேட வேண்டிய டிசைனர்களுக்குச் சிறுபடம் வேண்டும்தான். அதற்கு நடப்பு ஆண்டின் படங்களுக்கென்று தனி ஃபோல்டர் வைத்தோம்.

ஒரு மேசை மட்டும் அதன் பிறகும் சரியாகவில்லை. அங்கே காப்பியும் மெதுவு, திறப்பதும் மெதுவு. நெட்வொர்க் நிலையைப் பார்த்தால் வேகம் 100 எம்.பி.பி.எஸ். என்று நின்றது; மற்ற மேசைகளில் 1 ஜி.பி.பி.எஸ். லேன் கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் இருக்கின்றன. 100 எம்.பி.பி.எஸ்.ஸுக்கு இரண்டு ஜோடி போதும். ஜிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். கூடுதலாக வேண்டிய அந்த இரண்டில் ஒரு ஜோடி போனால் பெரும்பாலும் இணைப்பு அறுந்துபோகாது, சத்தமில்லாமல் பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். கேபிள் முனையின் பிளாஸ்டிக் கனெக்டரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது, ஆரஞ்சும் பச்சையும் நுனிவரை போயிருந்தன. பழுப்புக் கம்பி மட்டும் உலோகப் பல்லைத் தொடாமல் பாதியில் நின்றிருந்தது. வெட்டிப் புது கனெக்டர் போட்டு கிரிம்ப் செய்ததும் சரியாகிவிட்டது. அந்த மேசைக்காரர் மாதக்கணக்கில் ‘வேலையில் மெதுவு’ என்று திட்டு வாங்கியவர். அதுதான் எனக்கு மனசு கேட்காத விஷயம்.

இப்படி இடத்துக்கு இடம் காரணம் மாறும். போன வருடமே கழற்றி வைத்த சர்வரின் பெயரில் ஒரு டிரைவ் இன்னும் மேப் ஆகி இருக்கும். ‘திஸ் பிசி’யைத் திறக்கும்போதெல்லாம் வராத பதிலுக்காக விண்டோஸ் காத்துக் கிடக்கும். சர்வரின் பெயரைப் போட்டால் தாமதம், ஐ.பி. எண்ணைப் போட்டால் உடனே திறக்கிறது என்றால், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். அமைப்பில்தான் கோளாறு. ஆன்டிவைரஸ் சர்வரிலும் ஒருமுறை, பயனர் கணினியில் மறுமுறை என்று ஒரே கோப்பைத் துருவிக்கொண்டிருக்கும். நாஸ் எனப்படும் நெட்வொர்க் சேமிப்புப் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல். அவற்றில் பெரும்பாலானவை லினக்ஸில் ஓடுபவை. ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதத் தொடங்கிய சாம்பா மென்பொருள்தான் விண்டோஸோடு பேசுகிறது. ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வேறு வேறாகப் பார்க்கும். விண்டோஸ் ஒன்றாகப் பார்க்கும். புதுக் கோப்பு ஒன்றைச் சேமிக்கும்போது அதே பெயர் வேறு எழுத்தளவில் ஏற்கெனவே இருக்கிறதா என்று சாம்பா ஃபோல்டர் முழுவதையும் பார்த்தாக வேண்டியிருக்கும். ஐம்பதாயிரம் கோப்புகள் ஒரே ஃபோல்டரில் கிடந்தால் ஒரு சேமிப்புக்கே எவ்வளவு வேலை என்று யோசித்துக்கொள்ளலாம். ஃபோல்டரைப் பிரித்து வையுங்கள் என்று நான் நச்சரிப்பது இதற்காகத்தான்.

சென்னையில் கிளை வைத்து, வி.பி.என். வழியாகச் சிவகாசி சர்வரைத் திறப்பவர்கள் இன்னொரு கணக்கையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கேள்வி போய்ப் பதில் வர 30 மில்லி விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒன்றன்பின் ஒன்றாக ஆயிரம் கேள்வி கேட்டால் 30 விநாடி. இணைய இணைப்பை 100 எம்.பி.பி.எஸ்.ஸிலிருந்து 300-க்கு உயர்த்தினாலும் அந்த 30 விநாடி குறையாது, ஏனென்றால் அது அகலத்தின் கணக்கு இல்லை, தூரத்தின் கணக்கு. இதைச் சொல்லாமல் பெரிய பிளான் விற்பவர்கள் மேல் எனக்குக் கோபமே உண்டு. கிளையில் இருப்பவர் ரிமோட் டெஸ்க்டாப் மூலம் சிவகாசியில் உள்ள கணினியிலேயே வேலை செய்யலாம். இல்லையென்றால் தேவையான கோப்புகளைக் கிளையிலும் ஒரு பிரதி ஒத்திசைத்து வைக்கலாம்.

வேகத்துக்காகப் பாதுகாப்பைக் கழற்றுவதை மட்டும் யாரும் ஒப்புக்கொள்ளக் கூடாது. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்.எம்.பி. நெறிமுறை 1980-களில் ஐ.பி.எம்.மில் பேரி ஃபெய்கன்பாம் தொடங்கிவைத்தது. அதன் முதல் பதிப்பு ஓயாமல் பேசும் பதிப்பு. 2006-ல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த இரண்டாம் பதிப்பு, நூற்றுக்கும் மேற்பட்ட கட்டளைகளை 19 ஆகச் சுருக்கியது. பல கேள்விகளை ஒன்றாகக் கட்டி அனுப்பவும் வழி செய்தது. பழைய பதிப்பு மெதுவானது மட்டுமில்லை, ஆபத்தானதும்கூட. 2017 மே மாதம் உலகெங்கும் கணினிகளை முடக்கிய வான்னாக்ரை அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான் பரவியது. அதே ஆண்டு விண்டோஸ் 10-ன் புதிய நிறுவல்களிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை நீக்கத் தொடங்கியது. இன்றும் ஒரு பழைய ஜெராக்ஸ் மெஷினின் ஸ்கேன் வேலைக்காக அதை மறுபடி இயக்கிவைத்திருக்கும் அலுவலகங்களைப் பார்க்கிறேன். விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு வந்தபின் பாஸ்வேர்டு இல்லாத நாஸ் பெட்டிகள் சில திறக்கவில்லை என்றதும், கையொப்பச் சரிபார்ப்பையே அணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாஸின் மென்பொருளைப் புதுப்பித்து, ஆளுக்கு ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் முடிகிற வேலை அது. ஆன்டிவைரஸை மொத்தமாக அணைப்பதும் இதே ரகம்தான்.

தாமதத்தின் உண்மையான விலையை முதலாளிகள் பார்ப்பதில்லை. ஃபோல்டர் திறக்கவில்லை என்றால் டிசைனர் காத்திருக்க மாட்டார். தன் டெஸ்க்டாப்பிலேயே ஒரு பிரதி வைத்துக்கொள்வார். இன்னொருவர் பென் டிரைவில் வைத்துக்கொள்வார். மூன்றாமவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்வார். பார்ட்டி திருத்தம் சொன்ன ஃபைல் எது, சொல்லாத ஃபைல் எது என்று தெரியாமல் பழையது பிளேட்டுக்குப் போய்விடும். கடைப் பெயரிலோ போன் நம்பரிலோ பிழையோடு ஆயிரக்கணக்கில் அடித்த காலண்டரை யாரும் வாங்க மாட்டார்கள். அப்போது பழி விழுவது டெஸ்க்டாப்பில் பிரதி வைத்த ஊழியர் மேல். அவரை அப்படிச் செய்ய வைத்தது யாரும் அளந்து பார்க்காத அந்த ஃபோல்டர்.

சர்வரே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. மெமரி போதாமல், டிஸ்க் பழுதாகி, மென்பொருளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன பெட்டியை மாற்றத்தான் வேண்டும். ஆனால் அண்ணாச்சிமார்களே, அலுவலகப் பொறுப்பில் இருப்பவர்களே, அடுத்த கொட்டேஷன் வரும்போது அதோடு நான்கு எண்களையும் எழுதித் தரச் சொல்லுங்கள்: அந்த ஃபோல்டரை டிர் கட்டளை பட்டியலிட எடுத்த நேரம், எக்ஸ்புளோரரில் திறக்க எடுத்த நேரம், ஒவ்வொரு மேசையின் இணைப்பு வேகம், கூட்டமான வேளையில் சர்வர் டிஸ்க்கின் பயன்பாட்டுச் சதவீதம். இவற்றை எடுக்க ஒரு மதியப் பொழுது போதும். எழுதித் தர மறுப்பவருக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.