தடையில்லாச் சான்றிதழ் என்னும் தடை

பட்டியல் சாதி ஆய்வு மாணவர்களுக்கான தேசிய உதவித்தொகை, 2005-06இல் ராஜீவ் காந்தி பெயரில் தொடங்கப்பட்டது. இதற்குத் தெரிவு செய்யப்படுபவர் மாணவரே, பல்கலைக்கழகம் அன்று. ஆயினும் ஆய்வு தொடர்கிறது என்று நிறுவனம் உறுதி செய்தால்தான் பணம் வரும். ஆய்வின் நடுவே வேறு பல்கலைக்கழகத்திற்கு மாறுபவர், உதவித்தொகையை உடன் கொண்டுசெல்லப் பழைய நிறுவனத்தின் தடையில்லாச் சான்றிதழைப் பெற வேண்டியிருக்கிறது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சாதிய இழிவு தாளாமல் வெளியேறும் மாணவர், அந்த இழிவை நிகழ்த்திய துறையிடமே கையொப்பம் கேட்டு நிற்கிறார். அவர்கள் மறுக்கவே வேண்டாம். கோப்பைக் கிடப்பில் போட்டாலே போதும். பணம் நின்றுவிடும், ஆய்வுக்காலமோ நிற்காது.

உதவித்தொகை நிலுவை என்பது வெறும் கணக்கு விவகாரமன்று. 2016 ஜனவரியில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் உயிர்நீத்த ரோஹித் வெமுலா, தமக்கு வரவேண்டிய ஏழு மாதத் தொகையான 1,75,000 ரூபாயைக் குடும்பத்தாரிடம் சேர்க்குமாறு இறுதிக் கடிதத்தில் வேண்டினார். அது இடமாற்றம் பற்றியதன்று; ஆனால் நிறுத்தப்பட்ட தொகையின் சுமை எத்தகையது என்பதை அக்கடிதம் காட்டியது.

காரணமின்றிக் கோப்பை முடக்குவது அரசமைப்புச் சட்டப் பிரிவு 14 உறுதியளிக்கும் சமத்துவத்திற்கு முரணானது. எனவே மாணவர்கள் விண்ணப்பத்தை எழுத்தில் அளித்து ஒப்புகை பெறவேண்டும். பதில் இல்லையெனில், முடிவெடுக்குமாறு ஆணையிடக் கோரிப் பிரிவு 226இன்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

ஆனால் ஒவ்வொரு மாணவரும் வழக்காட இயலாது. 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான காரணம் தரப்படாவிடில், இசைவு அளிக்கப்பட்டதாகவே கருதப்படும் என்ற விதி வேண்டும். நம் இயக்கங்கள் முன்வைக்க வேண்டிய கோரிக்கை இதுவே.