சஞ்சயனும் கூளியும்

ஓடுகின்ற பந்தைக் காணாதவனுக்குச் சொல்லாற் காட்டுவது எளிய தொழிலன்று. ஆயினும், இலக்கியம் கற்றோர் வானொலிக் கிரிக்கெட் வருணனையை ஒரு பொருட்டாக எண்ணிச் செவிகொடுப்பதில்லை. யான் கொடுக்கின்றேன். பல்லேகலவில் வாழ்பவனுக்கு வேறு வழியுமில்லை. 2009ஆம் ஆண்டு இங்கே சர்வதேச மைதானம் திறக்கப்பட்டு, 2010 டிசம்பரில் மேற்கிந்தியத் தீவுகள் அணியுடன் முதல் டெஸ்ட் ஆட்டமும் நிகழ்ந்த பின்னர், எங்கள் தேநீர்க் கடைகளிலே பேச்சின் பொருளே மாறிவிட்டது.

நேர்முக வருணனை நமக்குப் புதியதன்று. வியாசர் பாரதத்திலே பார்வையற்ற திருதராட்டிரனுக்குப் போர்க்களத்தை எடுத்துரைத்தவன் சஞ்சயன். கலிங்கத்துப்பரணியிலே காளிக்குப் போரை விரித்துரைத்தது கூளி. தொழில் ஒன்று, இயல்பு வேறு. சஞ்சயன் உண்டது கௌரவர் சோறு. கேட்டிருந்தவனோ நூறு மைந்தரைப் பெற்ற தந்தை. அம்மைந்தர் மடிந்ததை அத்தந்தைக்கு அவன் ஒளிக்காமற் சொன்னான். இப்பேரழிவுக்கு நீயும் காரணன் என இடித்துரைக்கவும் செய்தான். கூளிக்கோ களத்திலே கூழ் விருந்து காத்திருந்தது. சோழர் புகழன்றி வேறு பாட அதற்கு மனமில்லை. பரணியின் நடையழகை ஆண்டுதோறும் மாணாக்கர்க்குச் சுவைபடக் கற்பிக்கின்றவன் யான். எனினும், களத்திலே நடந்தது யாதென அறிய விரும்புவோன் கூளியை நம்பியிருத்தலாகாது.

நம் வருணனையாளரிற் பலர் கூளியின் மரபினராகி வருகின்றனர் என்பதே என் குறை. நம்மவர் கைநழுவவிட்ட பிடிக்கு வெயில் காரணமாகிறது. எதிரணியார் நழுவவிட்டால் அது திறமையின்மையாகிறது. நம்மவர் அடித்த நான்கு ஓட்டங்களுக்கு 'அபாரம்' என்ற சொல் மூன்றுமுறை முழங்கும். மற்றவர் அடித்த அழகிய அடிக்கோ விளம்பரதாரர் பெயர்தான் விடை.

அமெரிக்கர் ஆடும் பேஸ்போல் ஆட்டத்திலே ஒவ்வொரு நகரணிக்கும் தனி வருணனையாளர் உண்டு. அவர் அவ்வணியின் ஊதியத்தையோ இசைவையோ பெற்றே பேசுவார். அஃதாவது, சஞ்சயன் நிலை. அவருள் ரெட் பார்பர் என்பார் ஒலிவாங்கியருகே மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை வைத்திருப்பாராம். மணல் வடிந்ததும் ஆட்டநிலையை மீண்டும் சொல்லிவிடுவார். இடையில் வந்து சேர்ந்த நேயர்பால் அத்துணைப் பரிவு. 1966 செப்டம்பரில் ஒருநாள் நியூயோர்க் யாங்கீஸ் அணியின் பேரரங்கிலே 413 பேரே அமர்ந்திருந்தனர். தொலைக்காட்சியிற் பேசிக்கொண்டிருந்த பார்பர், வெற்றிருக்கைகளைப் படக்கருவி காட்டவேண்டுமென வேண்டினார். காட்டவில்லை. ஆட்டத்தினும் அவ்வெறுமையே அன்றைய செய்தியென அவர் வாய்விட்டுச் சொல்லிவிட்டார். சின்னாளில் வேலை போயிற்று.

அவரிடம் பயின்ற வின் ஸ்கலி 1950 முதல் 2016 வரை டொட்ஜர்ஸ் என்னும் ஒரே அணிக்கு வருணனை செய்தவர். எதிரணியாரின் திறத்தையும் மனமாரப் பாராட்டுவார். 1958இல் அவ்வணி லொஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குப் பெயர்ந்தபின், அரங்கிற்கு வந்த மக்கள் கையிலே சிறு வானொலிப் பெட்டியையும் எடுத்துவந்தனர். கண்ணெதிரே நிகழ்வதையும் அவர் வாயாற் கேட்கவேண்டும் அவர்களுக்கு! தன் அணியை மட்டும் புகழும் ஒருவனை இவ்வாறு எவரேனும் நம்புவரோ?

நாட்டுப்பற்று வேண்டாவோ என வினவுவோர் உளர். வேண்டும். தோல்வியிலே குரல் தழுதழுத்தலும் குற்றமன்று. தோல்வியை மறைத்தலே குற்றம்.

இனி, குரலின் தனித்தன்மை. ஆங்கிலேயர் ஜோன் ஆர்லட் கவிஞர், முன்னாட் பொலிஸ்காரர். தம் ஹாம்ப்ஷயர் நாட்டுப்புற உச்சரிப்பை ஒலிவாங்கியின் முன் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. 1970இல், நிறவெறி ஆட்சி நிலவிய தென்னாபிரிக்காவின் அணி வருவதாக இருந்தபோது, அவ்வாட்டங்களுக்கு வருணனை செய்யேன் என மறுத்தவரும் அவரே. தமிழிலே சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் இலங்கை வானொலி நாடகங்களிற் குரல் பழகி, அகில இந்திய வானொலியிற் கிரிக்கெட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடியவர். 2020இல் மறைந்தார். இன்றோ எல்லாக் குரலும் ஓரச்சில் வார்த்தவை போல ஒலிக்கின்றன. மலையகத்தான் பேச்சிலே மலையகம் இல்லை.

2023 செப்டம்பர் 2ஆம் நாள் பல்லேகலவில் ஆசியக் கிண்ண ஆட்டம். இந்தியா 266 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்தது. பாகிஸ்தான் துடுப்பெடுக்குமுன்னரே மழை ஆட்டத்தை முடித்துவைத்தது. பந்து ஓடாத அத்தகைய பொழுதிலேதான் வருணனையாளன் யாரென்பது புலப்படும். மழை எந்த மலைப்பக்கமிருந்து இறங்குகிறது எனக் காட்டலாம். இக்காலத்தில் இங்கே மழை வருமென்று தேநீர்க் கடைக்காரரும் அறிவாரே, ஆட்டத்தை இங்கு வைத்தது ஏன் எனவும் கேட்கலாம்.

வருணனை பழக விரும்பும் மாணாக்கர் சிலர் என்னிடம் வருவதுண்டு. தம் அணி தோற்ற ஆட்டத்தை, அன்று மைதானத்துக்கு வராத தம் பாட்டனாருக்குச் சொல்லிக்காட்டுமாறு பணிப்பேன். சென்ற தவணையில் ஒருவன் என் முன்னே அதனைச் சொல்லிப் பார்த்தான். நழுவிய பிடியிடத்து வந்ததும் குரல் தாழ்ந்தது, சிறிது நின்றான், பின்பு நழுவவிட்டவன் பெயரைச் சொன்னான். அது அவன் தமையன் பெயர்.