"ஊருல எந்தப் பக்கம்?"

தற்காலிக ஆசிரியர் பாடநூலைத் திறப்பதற்குள் ஒரு கேள்வி வந்துவிடும்: "எந்த ஊரு? ஊருல எந்தப் பக்கம்?" கேட்பது மாணவர் அல்லர், ஆசிரியர் அறையில் உடன் இருப்பவர்.

அரசுப் பள்ளிக் காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு வழியே நிரப்ப 2022இல் முடிவானபோது, இடைநிலை ஆசிரியருக்கு ரூ.7,500, பட்டதாரிக்கு ரூ.10,000, முதுகலைக்கு ரூ.12,000 என அரசு அறிவித்தது. பணிப் பாதுகாப்பு இல்லை. ஊர்க்காரர் முகம் சுளித்தால் வேலை போய்விடுமோ என்ற அச்சத்தோடுதான் நம் பிள்ளைகள் புதிய பள்ளிக்குள் நுழைகிறார்கள்.

அவர்களுக்கு நாம் சொல்வது இதுதான். முதல் நாளே ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "அவன் காலனிப் பையன், அப்படித்தான்" என்று யாராவது காதில் ஓதினால், அதை வகுப்புக்குள் கொண்டுபோகாதீர்கள். அகர வரிசையில் உட்காரவையுங்கள்.

நாங்குநேரிக் கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழுவும் 2024இல் அகர வரிசை இருக்கையைப் பரிந்துரைத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் கூடாது என்றது. ஆனால் தற்காலிக ஆசிரியர் மட்டும் தனியே செய்தால் பகைதான் மிஞ்சும். தலைமையாசிரியர் பள்ளி முழுவதும் நடைமுறைப்படுத்த வேண்டும். மேலாண்மைக் குழுவில் உள்ள நம் பெற்றோர் அடுத்த கூட்டத்திலேயே எழுந்து இதைக் கேட்போம்.