மாம்பழத்தை விடுங்கள், பயற்றை வேகவையுங்கள்

சியோலில் கோடை வந்துவிட்டதை வெயிலுக்கு முன்பே ஹோட்டல் விலைப்பட்டியல் சொல்லிவிடும். 2024இல் ஷில்லா ஹோட்டலின் மாம்பழப் பிங்சு, அதாவது துருவிய ஐஸ் இனிப்பு, ஒரு கிண்ணம் 1,02,000 வொன். நம் பணத்தில் ஆறாயிரம் ரூபாய்க்கு மேல். அந்த ஆண்டு கொரியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 9,860 வொன். கடையில் சரக்கு அடுக்கும் பையன் பத்து மணி நேரம் உழைத்தாலும் அந்தக் கிண்ணத்துக்குக் காசு போதாது. ஆனாலும் வரிசையில் நிற்கிறார்கள், படம் எடுக்கிறார்கள்.

அதில் போடும் ஜேஜு தீவின் மாம்பழம் மலிவானதல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சேலத்தில் பிறந்து சுவொன் நகரில் குடித்தனம் நடத்துகிறவள் நான். மாம்பழத்தின் அருமையை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நல்ல பழத்தை ஐஸ் மேல் வைத்தால் நாக்கு மரத்துப்போய் அதன் ருசி பாதிகூடத் தெரியாது. பழத்துக்கும் நஷ்டம், பிங்சுவுக்கும் நஷ்டம். என் கட்சி இதுதான்: பிங்சு என்பது சிவப்புப் பயறு. ஐஸ் அதற்குத் துணை. வீட்டில் செய்கிறவர்கள் ஐஸ் துருவும் மெஷினுக்குச் செலவழிக்கும் காசையும் கவலையையும் அடுப்பின் மேல் இருக்கும் பாத்திரத்துக்குக் கொடுக்கட்டும்.

ஐஸ் அருமையாக இருந்த காலம் ஒன்று உண்டு. பழைய கொரியாவின் ஜோசோன் அரசில் குளிர்காலத்தில் உறைந்த ஹான் ஆற்றை வெட்டி எடுத்து, கரையோரக் கிடங்குகளில் கோடைவரை காப்பாற்றினார்கள். சொபிங்கோ என்ற கிடங்கின் பெயரில் இன்றும் சியோலில் ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. அந்த ஐஸ் கோடையில் அரச உறவினர்களுக்கும் உயர் அதிகாரிகளுக்கும் போனது. நோயாளிகளுக்கும் சிறைக் கைதிகளுக்கும்கூடக் கொடுக்க வேண்டும் என்று சட்டத் தொகுப்பிலேயே எழுதிவைத்திருந்தார்கள். இன்றைய ஹோட்டல்காரர்களைவிட அந்த ராஜாக்களுக்குக் கை தாராளம். பிறகு ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் துருவிய ஐஸ் கடைத்தெருவுக்கு வந்தது, சிவப்புப் பயறு அதன்மேல் ஏறி உட்கார்ந்தது. இப்போது எல்லார் வீட்டிலும் ஃப்ரீஸர் இருக்கிறது. ஐஸில் அருமை ஒன்றும் மிச்சமில்லை.

பயறு அப்படியல்ல. அதற்குப் பக்கத்தில் ஆள் நிற்க வேண்டும். எங்கள் குடியிருப்பில் மேல்மாடிப் பாட்டி ஒருவர் இருக்கிறார். டப்பாவில் அடைத்த இனிப்புப் பயற்றைப் பார்த்தாலே அவருக்கு முகம் சுளித்துவிடும். அவர் பக்குவம் இது: 200 கிராம் சிவப்புப் பயற்றைக் கழுவி, தண்ணீர் விட்டு ஒரு கொதி வந்ததும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். துவர்ப்பு அதோடு போய்விடும். மறுபடி நிறையத் தண்ணீர் விட்டு, சிறு தீயில் ஒரு மணி நேரம்போல வேகவிட வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே வைத்து அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும். அதுவரை சர்க்கரை டப்பாவைத் திறக்கவே கூடாது. முன்னாலேயே இனிப்பைப் போட்டால் பயறு விறைத்துக்கொள்ளும், பிறகு எவ்வளவு நேரம் கொதித்தாலும் மசியாது. வெந்த பிறகு 130 கிராம் அளவுக்குச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. உப்பு இல்லாவிட்டால் வெறும் தித்திப்பாக நிற்கும். ஆறினால் இறுகும் என்பதால், கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே இறக்கிவிட வேண்டும். குக்கரில் வைக்கலாமா என்று கேட்டால் பாட்டி பதில் சொல்ல மாட்டார், ஒரு பார்வை பார்ப்பார். பாதிப் பயறு முழுசாகவும் பாதி மசிந்தும் இருப்பதில்தான் ருசி. குக்கர் எல்லாவற்றையும் கூழாக்கிவிடும்.

யுன் ஜோங்-ஷின் என்ற பாடகர் 2001இல் பிங்சுவைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடினார். இங்கே கோடை வந்தால் அது ஒலிக்காத கடை குறைவு. வேடிக்கையான பாட்டுதான், ஆனால் விஷயம் தெரிந்தவர். ஐஸைத் தொடுவதற்கு முன்னால் பயற்றை அடுப்பில் ஏற்றுவதிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்.

ஐஸ் விஷயம் எளிது. பழைய கடைகளில் வெறும் தண்ணீர் ஐஸ்தான், கையால் சுற்றும் மெஷினில் கரகரவென்று விழும். பால் ஐஸ் நாடெங்கும் பரவியதற்கு, 2013இல் பூசானில் தொடங்கிய சுல்பிங் கடைகளுக்குப் பெரும் பங்கு உண்டு. வீட்டில் அதற்கு மெஷின் வேண்டாம். கொழுப்பு எடுக்காத பால் அரை லிட்டர், கண்டென்ஸ்டு மில்க் மூன்று கரண்டி. கலந்து ஜிப் பையில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, ஃப்ரீஸரில் தட்டையாகப் படுக்கவைத்து ஓர் இரவு விடுங்கள். மெல்லிய தகடாக இருந்தால் சீக்கிரம் உறையும், படிகம் பெரிதாக வளராது. பாலின் கொழுப்பும் சர்க்கரையும் அதைக் கல்லாக விடாது. மறுநாள் பையோடு துணியில் சுற்றிச் சப்பாத்திக் கட்டையால் தட்டி உருட்டினால் பொடிப்பொடியாக உதிரும். பையை மட்டும் இரண்டாகப் போடுங்கள். கொரிய வீட்டு ஃப்ரீஸரில் காய்ந்த நெத்திலி இருக்கும். பால் எந்த வாடையையும் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

மேலே என்ன வேண்டும்? வறுத்த சோயா மாவு ஒரு கரண்டி, பசையரிசியை இடித்துச் செய்த த்தொக் நான்கைந்து துண்டு. குளிரில் த்தொக் கெட்டியாகிவிடும், அதனால் பொடியாக நறுக்கிக் கடைசியில் போடுங்கள். அவ்வளவுதான். பிஸ்கட், சாக்லேட் சாஸ், சீஸ் கேக் எல்லாம் பயறு சரியாக வேகாததை மறைக்கக் கண்டுபிடித்த போர்வைகள்.

ஊரிலிருந்து அக்கா கேட்டாள்: அந்தப் பயறு சேலத்தில் எங்கே கிடைக்கும் என்று. சென்னையின் கொரியக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் சிவப்புக் காராமணி போதும். இரண்டும் ஒரே பேரினத்துச் செடிகள்தான். நவராத்திரிக்கு வெல்லம் போட்டுக் காராமணிச் சுண்டல் செய்கிற வீட்டுக்கு இனிப்புப் பயறு புதுசும் இல்லை. சோயா மாவுக்குப் பதில் பொட்டுக்கடலையைப் பொடித்துத் தூவலாம், மணம் கொஞ்சம் மாறும். ராஜ்மா மட்டும் வேண்டாம், தோல் தடிப்பு.

கிண்ணம் ஒன்று, கரண்டி ஆளுக்கொன்று. கலக்கிச் சாப்பிடுவதா, அப்படியே சாப்பிடுவதா என்பது கொரியாவில் தீராத வழக்கு. என் கணவர் முதல் வேலையாகக் கலக்கிவிடுவார், பார்க்கவே சகிக்காது. பயறும் ஐஸும் கரண்டியில் தனித்தனியாக ஏறி வாய்க்குள்தான் சேர வேண்டும் என்பது என் வாதம். பாட்டி எங்கள் சண்டையில் தலையிடுவதில்லை. நாங்கள் பேசி முடிப்பதற்குள் த்தொக் துண்டுகளை எடுத்துத் தின்றுவிடுவார்.